ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் வளவை ஒட்டிய அறை ஒன்றில் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பண்ணையில் பொரித்து வளர்த்த க்ளௌன் மீன்கள், இரண்டு இறால், கொஞ்சம் நத்தை, ஊதாப் பாசி படிந்த கற்கள், அவ்வளவுதான். பவளம் இல்லை. நம் கடலில் பவளம் எடுப்பது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; அந்த வம்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அறைக்கு ஏசி போடும் வரை தொட்டி ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்று தானாக வரும், தானாகப் போகும். ஏசி வந்ததும் கதவடியில் பஞ்சு ஒட்டினோம், ஜன்னல் சந்துகளை அடைத்தோம். மே மாதம் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் அந்த ஒரே அறையில் படுத்தோம். தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஹெச் 8.2இல் இருந்து 7.7க்கு இறங்கியது. ஸ்கிம்மர் என்பது தண்ணீரில் பொடிக் குமிழி விட்டு, அழுக்கை நுரையாக்கி மேலே உள்ள கப்பில் சேர்க்கும் கருவி. பிஹெச்சைச் சரிசெய்ய அதன் காற்றுக் குழாயை வெளியே நீட்டினேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் குழாயின் கோளாறுகள். நான் பார்த்த அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் தொட்டி எதைக் காட்டுகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

நாள் முழுக்க பிஹெச் 7.8ஐத் தாண்டவில்லை, கேஹெச் மட்டும் சரியாக இருக்கிறது

கேஹெச் என்பது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையின் அளவு. அது சரியாக இருந்தால் முதலில் பிஹெச் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பிஹெச் 7, 10 என்று அளவு தெரிந்த இரண்டு திரவங்களிலும் முக்கிச் சரிபார்த்த பிறகுதான் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டும். மின்முனையைக் காய விடக்கூடாது. வெறும் ஆர்ஓ தண்ணீரிலும் ஊறப்போடக் கூடாது, அதற்கென்று விற்கும் திரவத்தில் வைக்க வேண்டும். என் முதல் மீட்டர் மூடி திறந்தபடி மேசையில் கிடந்தே வீணானது. பத்துக் கல் தொலைவில் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1953 முதல் மின்வேதியியலையே ஆராய்கிறார்கள். அந்த ஊர்க் காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு நான் செய்த காரியம் இது.

மீட்டர் சரி, கேஹெச் 8இலிருந்து 10க்குள் இருக்கிறது, ஆனாலும் பிஹெச் ஏறவில்லை என்றால் கோளாறு தண்ணீரில் இல்லை, அறைக் காற்றில் இருக்கிறது. கடையில் "பிஹெச் ஏற்றி" என்று ஒரு பொடி கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். போட்ட அன்று 8.1 காட்டியது, மறுநாள் காலை பழையபடி 7.7. மறுபடி போட்டேன். இரண்டு வாரத்தில் கேஹெச் 14ஐத் தொட்டது, ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது, பிஹெச் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

காரணம் எளிது. மூடிய அறையில் நாம் விடும் கரியமில வாயு தங்கிவிடுகிறது. வெளியே அது 420, 430 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருக்கும். ஆட்கள் படுத்திருக்கும் அடைத்த அறையில் விடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிப் போவது சாதாரணம். அந்த வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. கேஹெச் மாறாமல் இருக்கும்போது காற்றில் வாயு இரட்டித்தால் பிஹெச் சுமார் 0.3 இறங்கும், பாதியானால் அதே அளவு ஏறும். ஸ்கிம்மரோ மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் அறைக் காற்றை உறிஞ்சிப் பொடிக் குமிழியாக்கித் தண்ணீரில் கலக்கிற இயந்திரம். அறை எப்படியோ தொட்டி அப்படி.

குழாய் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் குவளைகளில் தொட்டித் தண்ணீர் எடுங்கள். ஒன்றை அறையிலேயே வைத்து ஏர் பம்ப்பில் கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். இன்னொன்றை முற்றத்திலோ திண்ணையிலோ வைத்து அதே ஒரு மணி நேரம். பம்ப்பும் வெளியிலேயே இருக்க வேண்டும்; பம்ப்பை அறைக்குள் வைத்துக் குழாயை மட்டும் வெளியே இழுத்தால் அறைக் காற்றைத்தான் ஊதுவீர்கள். சோதித்த தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வெளிக்குவளை ஏறி, உள்குவளை ஏறாமல் நின்றால் அறைக் காற்றுதான் குற்றவாளி, தொடர்ந்து படியுங்கள். இரண்டும் ஏறினால் அறையில் தப்பில்லை, தொட்டியில் காற்றுக் கலப்பு போதவில்லை: ஸ்கிம்மர் சின்னது, அல்லது தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் கட்டியிருக்கிறது. இரண்டுமே ஏறவில்லையா? கேஹெச் சோதனைக் கிட்டையும் மீட்டரையும் திரும்பப் பாருங்கள்.

மீன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 7.8 என்பது மீனைக் கொல்லும் எண் அல்ல. நத்தை ஓடு, ஊதாப் பாசி போன்று சுண்ணாம்பு கட்டி வளர்பவைதான் தாழ்ந்த பிஹெச்சில் சுணங்கும். அவை உங்களுக்கு முக்கியமில்லை என்றால் இரவில் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

காலையில் 7.8, மாலையில் 8.2

இது கோளாறே இல்லை. வெளிச்சத்தில் பாசி கரியமில வாயுவை உண்கிறது. இருட்டில் எல்லாரும் அதை வெளியே விடுகிறார்கள். விடியற்காலைதான் மிகத் தாழ்ந்த நேரம். அதனால் தினமும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். ஏற்ற இறக்கத்தைக் குறைக்க ஆசைப்பட்டால் சம்ப்பில் (தொட்டித் தண்ணீர் வந்து விழும், ஸ்கிம்மர் நிற்கும் துணைத்தொட்டியில்) கொஞ்சம் பாசி வளர்த்து அதற்கு இரவில் விளக்கு போடலாம்.

வெளிக்குழாய் மாட்டியதும் நுரை குறைந்துவிட்டது

வெளிக்காற்று இழுக்க முயன்ற எல்லாருக்கும் இது நடக்கும். பலர் இந்த இடத்திலேயே "நமக்கு ஒத்துவராது" என்று குழாயைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஸ்கிம்மரில் காற்றை யாரும் ஊதுவதில்லை. பம்ப்பின் வாயில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது உண்டாகும் சிறு உறிஞ்சல்தான் காற்றை இழுக்கிறது. அந்த உறிஞ்சலுக்குப் பலம் குறைவு. ஸ்கிம்மரோடு வரும் ஒரு முழக் குழாய்க்கு அது போதும். அதே 4 மில்லிமீட்டர் ஏர் டியூபை ஏழு மீட்டர் நீட்டினால், மெல்லிய உறிஞ்சியை வைத்துக்கொண்டு கெட்டியான மோரை உறிஞ்சுகிற கதைதான்.

நான் செய்தது அதுதான். மீன் கடையில் ஒரு சுருள் ஏர் டியூப் வாங்கி, ஜன்னல் மேல் இருந்த காற்றுத் துவாரம் வழியாக வெளியே விட்டேன். கப்பில் காப்பிக் கசடு மாதிரி சேர்ந்துகொண்டிருந்த நுரை, அன்று இரவே கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. காற்று எவ்வளவு போகிறது என்று அளக்க மீட்டர் இல்லை. ஒரு குப்பைப் பை போதும். பைக்குள் எத்தனை வாளித் தண்ணீர் பிடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் காயவைத்து, காற்று நிரப்பி, குழாயின் வெளிமுனையில் கட்டிவிட்டு, பை சுருங்கித் தட்டையாக எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். என் பையில் 15 லிட்டர். குழாயில்லாமல் இரண்டு நிமிடம், அதாவது மணிக்கு 450 லிட்டர். ஏழு மீட்டர் மெல்லிய குழாயோடு கிட்டத்தட்ட நாலு நிமிடம். பாதிக்குப் பாதி போயிற்று.

குழாயின் அகலம்தான் இங்கே எல்லாம். சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் உள்விட்டம் இரண்டு மடங்கானால் தடை பதினாறில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் எண்பத்தொன்றில் ஒரு பங்கு. நீளத்தைப் பாதியாக்கினால் தடையும் பாதிதான் குறையும். ஆகவே குழாயை நறுக்கிக்கொண்டிருக்காமல் பெரிய குழாய்க்கு மாறுங்கள்.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர்க் கொத்தனார். வேறு வேலையாக வந்தவர் நான் பையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்ன தம்பி, மீனுக்கு மூச்சு முட்டுதா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தன் பையிலிருந்து மட்டம் பார்க்கும் டியூபை எடுத்து நீட்டினார். அரை அங்குல விட்டம், கண்ணாடி மாதிரி தெளிவு, எந்த இரும்புக் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். உள்ளே தண்ணீர் தேங்கினால் கண்ணுக்குத் தெரியும் என்பது இதில் பெரிய லாபம். அறைக்குள் இந்த டியூப், வெயில் படும் இடத்தில் வயரிங்குக்குப் போடும் பிவிசி குழாய் என்று மாற்றினேன், ஏனென்றால் தெளிந்த டியூப் வெயிலில் விறைத்து வெடித்துவிடும். ஸ்கிம்மரின் காற்று வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மட்டும் ரெடியூசர் போட்டு மெல்லிய குழாய்க்கு இறக்கினேன். பை இரண்டு நிமிடம் ஐந்து வினாடியில் சுருங்கியது. மறுநாள் கப்பில் கசடு.

எங்கே துளை போடுவது என்பது வேறு வழக்கு. எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை முழம் கனம், மேலே முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்துப் பூசிய பூச்சு, கை வைத்தால் வழுக்கும். "அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக்கூட ஐயா விட்டதில்ல, நீ ஓட்டை போடப் போறியா?" என்றார் அப்பத்தா. அவர் சொன்னது நியாயம். சுண்ணாம்புப் பூச்சில் துளைக்கருவி வைத்தால் தட்டு தட்டாகப் பெயரும், பழைய மாதிரி பூச இன்றைக்கு ஆள் கிடைப்பதும் கடினம். ஜன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அதே அளவு அக்ரிலிக் தகட்டில் துளையிட்டு மாட்டினேன். வீட்டை விற்கும் காலம் வந்தாலும் தகட்டைக் கழற்றிக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிடலாம்.

பெரிய குழாய் போட்டும் நுரை ஏறவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். குழாய் எங்காவது மடங்கியிருக்கலாம், முக்கியமாக ஜன்னல் ஓரத்தில். ஸ்கிம்மரின் காற்று வால்வு பாதி மூடியிருக்கலாம். அதை முழுக்கத் திறந்துவிட்டு, நுரை உயரத்தைத் தண்ணீர் வால்வில் சரிசெய்யுங்கள். மூன்றாவது, சம்ப்பில் தண்ணீர் மட்டம். ஆவியாகிப் போன தண்ணீரை நிரப்ப மறந்தால் மட்டம் இறங்கும், நுரையும் கூடவே இறங்கும். இதற்கும் வெளிக்குழாய்க்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் பழி குழாய்மேல்தான் விழும்.

குழாய் போட்டு ஒரு வாரம், பிஹெச் அசையவே இல்லை

குழாயின் வெளிமுனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடையுங்கள். சில வினாடிகளில் ஸ்கிம்மருக்குள் குமிழி அடங்கித் தண்ணீர் தெளிய வேண்டும். அடங்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஓர் இணைப்பு வழியாக அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. ரெடியூசர் இருக்கும் இடம் முதல் சந்தேகம். டெஃப்லான் டேப் சுற்றுங்கள். காற்றிழுக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்ஸர் டப்பாவுக்குக் கீழே சின்னத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், சில மாடல்களில் இருக்கும்.

கசிவு இல்லையா? வெளிமுனை எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய குறுகல் சந்தில், ஜெனரேட்டர் ஓரத்தில், அடுப்படிப் புகைப்போக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் அது வெளிக்காற்றே அல்ல. ஆள் உயரத்துக்கு மேலே, காற்று ஓடும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதுவும் சரியென்றால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மருக்குள் வெளிக்காற்று போனாலும், தொட்டியின் மேற்பரப்பும் சம்ப்பில் விழும் தண்ணீரும் அறைக் காற்றோடுதான் உறவாடுகின்றன. பெரிய தொட்டிக்குச் சின்ன ஸ்கிம்மர் என்றால் அந்த உறவு ஜெயித்துவிடும். எனக்குக் கிடைத்தது காலையில் 0.2, மாலையில் 0.3 உயர்வு, அதுவும் மூன்று நாள் கழித்து. சம்ப்புக்கு மூடி போட்டதில் இன்னும் கொஞ்சம் ஏறியது.

காற்று வாரா வாரம் குறைகிறது

உப்பு. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் வாயில் உப்புத் துளி தெறித்துக் காய்ந்து, சர்க்கரைப் பாகு விளிம்பில் கட்டுவது போல் படிந்துகொண்டே வரும். ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காற்று வாயில் அரை டம்ளர் வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே திறந்துகொள்ளும். மாதம் ஒருமுறை நான் இதைச் செய்கிறேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, பாதிக்குப் பாதி வினிகர் கலந்த தண்ணீரில் ஓட விட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

காற்று குறையாமல் ஒரே நாளில் நின்றுபோனால் அது உப்பு இல்லை. வெளிமுனைக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் குழாய்த் துவாரம் எதைக் கண்டாலும் குளவி மண் வைத்து அடைத்துவிடும். கதவுத் தாழ்ப்பாள் துளையையே விடாது. போன மாசியில் என் பிவிசி குழாயின் வாயில் கச்சிதமாகக் கூடு கட்டியிருந்தது. குச்சியால் குத்தப் போனேன், அப்பத்தா ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும், அதைக் கலைக்கக் கூடாது. கடைசியில் கூட்டோடு சேர்த்து நாலு அங்குலக் குழாயை ஹேக்ஸாவால் அறுத்து, ஜன்னல் கம்பியிலேயே கட்டித் தொங்கவிட்டேன். எல்லாருக்கும் திருப்தி. பிள்ளை விஷயம் இன்னும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் வலை போட்டேன். குழாய் வாயிலேயே கொசுவலையைக் கட்டினால் ஒரே மாதத்தில் தூசி அடைத்துக் காற்றைக் குறைக்கும். ஒரு லிட்டர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தப் பெரிய வாயில் வலையைக் கட்டி, கழுத்தைக் குழாயில் செருகி, வாய் தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். வலையின் பரப்பு பெரிதானால் அடைபட நாளாகும். கவிழ்ந்திருப்பதால் மழையும் உள்ளே போகாது.

குழாயில் களகள சத்தம், குமிழி விட்டு விட்டு வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் இது அதிகம். வெளியே மழை ஈரம் நிறைந்த காற்று. உள்ளே ஏசிக் குளிர்ச்சி. குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது மாதிரி, இங்கே குழாய் உள்ளுக்குள் வியர்க்கிறது. அந்தத் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி வழியை மறிக்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் அந்தச் சத்தம்.

குழாயை ஏசி நேராக வீசும் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள். ஜன்னலை நோக்கிச் சரிவாக ஓட்டினால் துளிகள் வெளியே வடியும். அப்படி முடியாத இடத்தில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் விட்டு, அங்கே டீ இணைப்பு போட்டு, கீழ்நோக்கிய காலில் மூடிய சின்ன பாட்டில் ஒன்றை மாட்டுங்கள். தண்ணீர் அதில் சேரும், வாரம் ஒருமுறை கொட்டிவிடலாம். பாட்டில் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியாகவே அறைக் காற்று நுழையும்.

கரண்ட் போனதும் தரையில் உப்புத் தண்ணீர்

பம்ப் நின்றதும் உறிஞ்சலும் நிற்கும். உடனே ஸ்கிம்மருக்குள் நிற்கும் தண்ணீர், தாழ்வாகக் கிடக்கும் காற்றுக் குழாய்க்குள் ஏறும். குழாய் எங்குமே நீர்மட்டத்துக்கு மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போனால், தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மாலைதான் கரண்ட் வரும். அதுவரை சம்ப் வடிந்துகொண்டிருக்கும்.

பரிகாரம் ஒன்றுதான்: ஸ்கிம்மரிலிருந்து கிளம்பும் குழாய் முதலில் நேராக மேலே ஏறி, ஸ்கிம்மர் கப்பின் உயரத்தையும் தாண்டி, பிறகுதான் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். உப்பு படிந்தால் அது மூடாது, மூடினாலும் காற்றை நெரிக்கும். மாட்டி முடித்ததும் நீங்களே மெயினை அணைத்துக் கால் மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் நனைந்தது ஆத்தங்குடித் தரை. துடைத்தால் போய்விடும் என்றுதான் நினைத்தேன், ஆனால் சிமெண்ட் ஓடு உப்பை உறிஞ்சிக்கொண்டு பல வாரம் வெள்ளையாகப் பூத்தது.

நுரை செத்துவிட்டது, ஆனால் காற்று நன்றாகப் போகிறது

எண்ணெய். நுரைக்கு எண்ணெயைப் போல எதிரி கிடையாது. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு கண்ணாடி துடைக்கத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டால், அன்று முழுக்க ஸ்கிம்மர் சும்மா தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். மறுநாள் தானாகச் சரியாகிவிடும். வால்வைத் திருகித் திருகி அவஸ்தைப்பட வேண்டாம்.

வெளிக்குழாய் வழியாகவும் எண்ணெய் வரும் என்பது என் சந்தேகம். வீட்டில் ஒரு சாந்தி விசேஷத்துக்குப் பலகாரம் சுட்டார்கள். பின்கட்டில் இரண்டு நாள் இடைவிடாமல் தேன்குழலும் அதிரசமும். என் குழாயின் வெளிமுனை அப்போது பின்கட்டைப் பார்த்து இருந்தது. அந்த இரண்டு நாளும் கப்பில் ஒரு சொட்டு இல்லை, அடுப்பை அணைத்த மறுநாள் நுரை வந்தது. குழாயை முகப்புப் பக்கம் திருப்பிவிட்டேன். அடுத்த பலகார அடுப்புக்கு ஸ்கிம்மர் கண்டுகொள்ளவே இல்லை.

இதற்கு நேர்மாறாக, நுரை பொங்கி வழிந்தால் வெளிக்காற்று காரணமாக இருப்பது அபூர்வம். புதிதாக ஊற்றிய மருந்து, நீர் பதப்படுத்தும் திரவம், கல் ஒட்டிய பசை, அல்லது அளவுக்கு மேல் நிரம்பிய சம்ப் என்று தேடுங்கள். கப்பைத் தளர்த்தி வைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அடங்கும்.

இறால் கவிழ்ந்து கிடக்கிறது, மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் குழாயைக் கழற்றுங்கள். வெளியே யாராவது ஏதாவது அடிக்கிறார்களா? தெருவில் கொசு மருந்துப் புகை வண்டி வந்தால் ஸ்கிம்மர் அதைப் பொடிக் குமிழியாக்கித் தண்ணீரில் கரைத்துத் தருகிறது. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் உறவுக்காரர்கள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போடுங்கள், கலந்து வைத்த உப்புத் தண்ணீர் இருந்தால் கால் பங்காவது மாற்றுங்கள்.

இது வராமலிருக்க, ஸ்கிம்மருக்குப் பக்கத்தில் ஒரு மூன்று வழி வால்வு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு திருகில் வெளிக்காற்று நின்று அறைக் காற்றுக்கு மாறும். புகை வண்டிச் சத்தம் கேட்டால், போகிக்கு, தீபாவளி இரவில், தேக்கு நிலைக்கும் தூணுக்கும் வார்னிஷ் அடிக்கும் நாட்களில் திருகிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் அறைக் காற்றில் பிஹெச் இறங்கினால் யாரும் சாகமாட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த வால்வைக் காட்டி வையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் புகை வண்டி வரும்.

கோடையில் சூடான காற்று தொட்டியைச் சூடாக்காதா

ஆக்காது. ஒரு மணி நேரத்தில் போகும் 450 லிட்டர் காற்றின் எடை அரைக் கிலோ சுமார்தான். அது தண்ணீரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடாக இருந்தாலும் கொண்டுவரும் வெப்பம் ஒன்றரை வாட் அளவு. உங்கள் பம்ப் அதைப்போலப் பல மடங்கு சூடு தருகிறது. சித்திரை வெயிலில் காற்று வறண்டிருப்பதால் ஆவியாதல் கூடி, தண்ணீர் கொஞ்சம் குளிரவும் செய்யும். நிரப்பும் தண்ணீர் கொஞ்சம் அதிகம் செலவாகும், அவ்வளவே.

வெளியே குழாய் விட வழியே இல்லை

அடுக்குமாடியில், வாடகை வீட்டில் இப்படி ஆகலாம். அப்போது காற்றிலிருந்து வாயுவைப் பிடித்து எடுக்க வேண்டும். மயக்க மருந்து இயந்திரங்களில் போடும் சோடா சுண்ணாம்புக் குருணையை ஒரு டப்பாவில் நிரப்பி, அதன் வழியாக ஸ்கிம்மருக்குக் காற்றை விடலாம். தீரத் தீர வெள்ளைக் குருணை ஊதா நிறமாகும் வகையை வாங்குங்கள். ஆட்கள் அதிகமான அறையில் சீக்கிரம் தீரும், செலவு இழுக்கும்.

மலிவான வழி சுண்ணாம்பு நீர். எங்கள் வீட்டுச் சுவரைப் பூசியவர்களுக்கு இதன் ரசாயனம் கையில் இருந்தது: நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் கல்லாக இறுகுகிறது. தொட்டியிலும் அதே வேலையைச் செய்யும், கூடவே கால்சியமும் தரும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக இதை ஊற்றுவார்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கரையும்; அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதன் பிஹெச் 12க்கு மேல். மொத்தமாக ஊற்றினால் தொட்டி முடிந்தது. சொட்டுச் சொட்டாக, இரவில், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் விட வேண்டும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைக்கலாமா என்று என் மாமா கேட்டார், அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டே. வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்காது. உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் அது அறைக் காற்றைக் குடித்து டப்பாவிலேயே செத்துப்போகும், தொட்டிக்குப் போட்டாலும் வேலை செய்யாது.